தொட்டிக்குள் இறக்கிய இன்ஜின்

காணை அருகே எங்கள் கரும்புக் கழனியில் மூடிபோட்ட பெரிய சிமென்ட் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. போன மாதம் சேறு அள்ள என் கணவர் அதில் இறங்கினார். மிச்சத் தண்ணீரை இறைக்க மேலே வைத்த பெட்ரோல் இன்ஜினின் குழாய் அடிவரை எட்டவில்லை. "இன்ஜினையே உள்ள எறக்கிடலாமே" என்று சொன்னவள் நான்தான்.

உள்ளே இறக்கி ஓட்டிய கொஞ்ச நேரத்தில், "தலை சுத்துது" என்று உட்கார்ந்துவிட்டார். பதறி ஏணியில் கால் வைத்தேன். மேலே நின்று சேற்று வாளி இழுத்த கொழுந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எறங்காதீங்க அண்ணி! உள்ள பூரா புகை!"

வாளிக் கயிற்றை வீசிக் கத்தினோம். தட்டுத்தடுமாறி அக்குளில் சுற்றிக்கொண்டார். இருவரும் இழுத்து வெளியே போட்டோம்.

இப்போது நீளக் குழாய் போட்டு, இன்ஜின் வெளியேதான். இடுப்பில் கயிறு கட்டாமல் அவரை இறங்க விடுவதில்லை.

"நான் இன்னா மாடா?" என்கிறார்.

"மாடுன்னே வச்சிக்குங்க. கயிறு என் கையில இருக்கணும்."