அங்கன நில்லு

ஜெபசுதா பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எழுதினால் தாசில்தாருக்குக் கொடுக்கிற மனு மாதிரி இருக்கும். இதைச் சொன்னது அவள் மகள் ஜெயபிரியாதான். சொன்னதோடு நிற்காமல், அம்மாவின் பிறந்தநாளுக்குச் சேலை எடுத்துத் தருவதற்குப் பதிலாக, இணையத்தில் நடக்கும் கதை எழுதும் வகுப்பு ஒன்றில் அவள் பெயரைப் பதிந்துவிட்டுப் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். சேலை என்றால் பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடலாம். இதை எங்கே மடித்து வைப்பது?

தூத்துக்குடியில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது ஜெபசுதாவின் தொழில். உப்பளத்தை ஒட்டிக் கிடக்கும் ஒரு காலி மைதானத்தில் காலையும் மாலையும் அவள் குரல் கேட்கும். "அங்கன பாரு ஏளா, டயரப் பாக்காத!" "பிரேக்கு எதுக்கு இருக்கு, அழகுக்கா?" பேங்க் ஆபீசரானாலும் சரி, இறால் கம்பெனியில் வேலை செய்கிறவளானாலும் சரி, ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டால் எல்லோரும் அவளுக்கு ஏளாதான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபிக்க நேரமிருக்காது, எதிரே சுவர் வந்துவிடும். கடைசிப் பாடம் துறைமுகச் சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே. அங்கே ஓட்டுகிறவள் உலகத்தில் எங்கும் ஓட்டுவாள் என்பது அவள் கட்சி.

வகுப்பு வாரத்தில் இரண்டு சாயங்காலம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தால் கட்டம் கட்டமாக முகங்கள் தெரியும். சொல்லிக்கொடுக்கிற சரண்யாதேவி சென்னையில் இருக்கிறார். ஜெபசுதா முதலில் எழுதி அனுப்பியது, 'எனது பெயர் ஜெபசுதா. எனது சொந்த ஊர் சாத்தான்குளம். மேற்படி ஊரில்' என்று போயிற்று. சரண்யாதேவி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இதுல உங்களைத்தான் காணோம்," என்றார்.

அந்தக் குரல் ஜெபசுதாவுக்கு நன்றாகத் தெரியும். வண்டியைக் கீழே போட்டவளிடம் இன்னொரு சுற்று போகச் சொல்வதற்கு முன்னால் அவளே எடுக்கிற குரல்தான் அது. தனக்கே அது வந்து சேர்ந்ததில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி வகுப்பில் அவரவர் முடித்த கதையை அவரவரே வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அன்றைக்கு என் கதையை என் வாயால் வாசிக்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அவள் கணவர் நேசக்குமார் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறார். தங்கமான மனுஷன் என்று அவர் ஊரான நாசரேத்தில் கேட்டாலும் சொல்வார்கள், தூத்துக்குடியில் கேட்டாலும் சொல்வார்கள். ஆபீசில் யார் மனைவிக்கு வண்டி பழக வேண்டுமென்றாலும் பெருமையாக வீட்டுக்கு அனுப்பி வைப்பார். மற்றபடி மனைவி எதையும் பாதியில் விட்டுவிடுவாள் என்பதில் அவருக்கு அசையாத விசுவாசம்.

"தையல் மிஷின் மேல துணி காயுது. பாட்டு வாசிக்கன்னு வாங்குன கீபோர்டு பெட்டியோட கெடக்கு. இது எம்புட்டு நாளைக்கு?" என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பாத்துக்கிட்டே இருங்க," என்றாள்.

எந்தக் கதை என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. கல்யாணமான புதிது. நாசரேத் ஆலயத்தில் அசனம், ஊரே ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற நாள். நேசக்குமார் புது ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சி வாங்கி அவள் ஏறினாள். பாதிச் சுற்று நன்றாகத்தான் போனாள். பிறகு வண்டி அவள் பேச்சைக் கேட்காமல் நேராகப் போய், பந்திக்கு அடுக்கியிருந்த வாழையிலைக் கட்டுகள் மேல் ஏறிச் சாய்ந்தது. ஊரே சிரித்தது. ஓடி வந்த நேசக்குமார் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் இலைகளுக்கு நடுவே கிடந்தவளைப் பார்த்து, மதில் பக்கம் கையைக் காட்டி, "நீ அங்கன நில்லு," என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அவள் எழுந்து போய் மதிலோரம் நின்றாள். பந்தி முடிகிறவரை நின்றாள். அடுத்த முறை சாத்தான்குளத்துக்குப் போனபோது அண்ணன் ஜெபசிங்கின் வண்டியை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத செம்மண் ரோட்டில் விழுந்து விழுந்து பழகினாள். இன்று ஊருக்கே கற்றுக்கொடுக்கிறாள். ஆனாலும் அந்த மதில் அவள் மனதைவிட்டுப் போகவில்லை. அவர் சொன்னதைவிட, சொன்ன இடத்தில் நாம் போய் நின்றோமே என்பதுதான் அவளைச் சுட்டுக்கொண்டே இருந்தது.

எழுத நேரம் ஏது? ஒற்றை விரலால் அடித்து ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒருத்தி லைசென்சே வாங்கிவிடுவாள். ஆகவே மைதானத்தில் பெண்கள் சுற்றிக்கொண்டிருக்க, வேப்பமரத்தடியில் நின்று செல்போனிடம் வாயால் கதையைச் சொன்னாள். அது எழுதிக்கொண்டது. இடையில் "பிரேக்க அமுக்கு ஏளா" என்று கத்தியதை மட்டும் எடுத்துவிட்டு, கெடு முடிகிற அவசரத்தில் திருப்பிப் படிக்காமல் அனுப்பினாள்.

அடுத்த வகுப்பில் அவள் கதையைப் பற்றித்தான் பேச்சு. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஆரம்பித்தார். "வண்டியோட விழுந்த மனைவியைப் பார்த்து, 'நீ அங்கன்வாடி நில்லு'ன்னு சொல்றார் பாருங்க. வளர்ந்த பொண்ணை ஒரே வார்த்தையில குழந்தையாக்கிடறார். கதை முழுக்க இந்த அங்கன்வாடி ஒரு குறியீடா வந்துட்டே இருக்குங்க."

ஜெபசுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்போனை எடுத்துப் பார்த்தாள். அவள் அங்கன என்று சொன்ன இடத்திலெல்லாம் அது அங்கன்வாடி என்று எழுதி வைத்திருந்தது. 'அங்கன்வாடி பார்த்துத்தான் ஓட்டினேன். வண்டி அங்கன்வாடி போய்ச் சாய்ந்தது. எல்லோரும் அங்கன்வாடி நின்று சிரித்தார்கள்.' சாத்தான்குளத்து வாய் அந்தச் செல்போனுக்குப் பழக்கமில்லை போலும்.

"இந்த வகுப்புலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி இதுதான்," என்றார் சரண்யாதேவி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பாராட்டு வீடு தேடி வந்துவிட்டது. ஜெபசுதாவும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் அப்படி இருப்பது மறுபடியும் மதிலோரம் போய் நிற்பது போல இருந்தது. மைக்கைப் போட்டாள்.

"மேடம், அது அங்கன்வாடி இல்ல. அங்கன. அந்தப் பக்கம் போயி நில்லுன்னு அர்த்தம். போன் தப்பா எழுதிட்டு, நானும் பாக்காம அனுப்பிட்டேன்."

கட்டங்களெல்லாம் சிரித்தன. சரண்யாதேவி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே விட்டுடுங்களேன். தானா வந்தாலும் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"வேண்டாம் மேடம்."

"அப்ப 'அங்கே'ன்னு மாத்திடுங்க. எல்லாருக்கும் புரியும்."

"அவிய அங்கேன்னு சொல்லலியே மேடம். அங்கன நில்லுன்னுல்லா சொன்னாவ."

சரண்யாதேவி கொஞ்சம் யோசித்தார். "சரி, வச்சுக்கங்க. ஆனா கதைக்குள்ள எங்கயும் அர்த்தம் சொல்லக் கூடாது. கேக்கறவங்களுக்குத் தானா புரியணும். அது உங்க பொறுப்பு."

அந்த ஒரு சொல்லுக்காக ஜெபசுதா கதையை முதலிலிருந்து எழுதினாள். இந்த முறை விரலால். செல்போன் லேசில் விடவில்லை. அங்கன என்று அடித்தால் வாடியையும் ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. அவள் அழிப்பாள், அது ஒட்டும், திரும்பவும் அழிப்பாள். மைதானத்தில் பேச்சித்தாய் என்று ஒருத்தி, எட்டுப் போடச் சொன்னால் பூஜ்யம் போடுவாள். அவளை விடாமல் சுற்றவிட்ட அதே பிடிவாதத்தோடு செல்போனையும் வழிக்குக் கொண்டுவந்தாள். கதையில் வண்டி திரும்புகிற இடங்களில் எல்லாம் ஒரு அங்கன வைத்தாள். மதில் வருவதற்குள் அந்தச் சொல் கேட்கிறவர்களுக்குப் பழகிவிட வேண்டும். கடைசியில் செல்போனே தோற்றுப்போய், முதல் எழுத்தைத் தொட்டாலே அங்கன என்று எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தது.

"மேடமே நல்லாருக்குன்னு சொல்லியாச்சுல்லா? பொறவு என்னத்துக்கு இந்தப் பாடு?" என்றார் நேசக்குமார். கதை எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எப்போது நிறுத்துவாள் என்று அவர் காத்திருப்பதை நினைக்கிறபோதெல்லாம் இன்னும் ஒரு வரி வேகமாக வந்தது.

கடைசி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆலயத்துக்குப் போய் வந்து, சாப்பிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் முறை வந்தபோது குரல் மனு மாதிரிதான் ஆரம்பித்தது. இரண்டாம் பத்தியில் மைதானத்துக் குரல் வந்துவிட்டது. கதைக்குள் வண்டி பாதிச் சுற்றைத் தாண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து நேசக்குமார் உள்ளே வந்தார்.

"ஏளா சுதா, வண்டிச் சாவிய எங்க வச்ச?"

சாவி லேப்டாப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவர் எட்டி எடுத்தால் வாசிப்பு அறுந்துபோகும். ஜெபசுதா கண்ணைத் தூக்காமல் இடது கையைப் பிரிட்ஜ் பக்கம் நீட்டினாள்.

"அங்கன நில்லுங்க."

வகுப்பில் இருந்தவர்கள் அதையும் கதை என்றே நினைத்தார்கள். நேசக்குமார் பிரிட்ஜோரம் போய் நின்றார். நின்றதால் கேட்க வேண்டியதாயிற்று. புது ஸ்கூட்டரைக் கேட்டார், இலைக் கட்டைக் கேட்டார், ஊர் சிரித்ததைக் கேட்டார். 'அவர் வண்டியைத் தூக்கினார். என்னைத் தூக்கவில்லை' என்று அவள் வாசித்தபோது, தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அவள் வாசித்து முடித்தாள்.

"அங்கனன்னா என்னன்னு இனிமே எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம்," என்றார் சரண்யாதேவி. "ஆனா நடுவுல 'அங்கன நில்லுங்க'ன்னு மரியாதையோட ஒண்ணு வந்துச்சே, நீங்க அனுப்பினதுல அது இல்லையே?"

"அது கதையில இல்ல மேடம், வீட்டுல," என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டு ஜெபசுதா திரும்பினாள்.

நேசக்குமார் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. சாவியையும் கேட்கவில்லை.

"அன்னைக்கு ஒனக்கு அடிபட்டுச்சா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறார்.

"முழங்கால்ல," என்றாள். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்கன வந்து உக்காருங்க. அடுத்த ஆளு வாசிக்கப் போறாவ."