உமர் பாருக் வண்டியின் முன் சக்கரம்

உத்தமபாளையம் உமர் பாருக்கைக் கடைத்தெருவில் வாழைத்தார் பாய் என்றால்தான் தெரியும். சின்னமனூரில் ராஜபாண்டியின் ஸ்பிரிங் பட்டறையை ஒட்டி இருக்கிறது என் உதிரிபாகக் கடை. பாயின் பழைய பிக்கப்புக்கு நான் விற்காத சாமான் கிடையாது. செய்த கம்பெனியே மறந்துபோன மாடல் அது. எங்கெங்கோ அலைந்து சாமான் வாங்கித் தருவேன், திட்டிக்கொண்டேதான் தருவேன்.

"பாய், இத இரும்புக்குப் போட்டுட்டு ஒரு குட்டியானை வண்டி வாங்குங்க."

"அது குமுளி மலை ஏறுனா மூச்சு வாங்கும், ஞானதுரை. இது ஏறுறது எனக்கே தெரியாது."

மண்டியில் தார் சுமக்கிற ஆளாகத் தொடங்கியவர் அவர். மேகமலை எஸ்டேட் ஒன்று கழித்துவிட்ட வண்டியை வாங்கி, சின்னமனூர் வாழையைக் குமுளிக்கு ஏற்றி ஏற்றி ஆளானார். அங்கே கடைக்காரர்கள் அவரை அண்ணன் முறை வைத்து இக்கா என்பார்கள். அவர் போய் இறங்கினால் நாற்காலி வரும், சாயா வரும், மலையாளத்தில் ஊர்வம்பு நடக்கும். வீட்டில் அப்படி இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "குமுளிக்குப் போற வரைக்கும்தான் நான் ஆளு" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகன் ரியாசுதீன் தேனி பைபாஸில் காபிக்கடை திறந்திருந்தான். அவன்தான் ஒருநாள் வண்டியைத் தாழ்த்தலாம் என்று ஆரம்பித்தான். வண்டி உயரமாக இருப்பதால்தான் ஏறி இறங்கி இடுப்பு போகிறது, இறக்கிவிட்டால் லோடு ஏற்றச் சுலபம் என்றானாம். பாய்க்குத் தலைகால் புரியவில்லை. என் கடைக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நம்மள ஏறிட்டே பாக்குறதில்லன்னு நெனச்சேன் ஞானதுரை. இடுப்பு வலிய கவனிச்சிருக்கான் பாரேன்!"

பட்டறைக்கு வந்த அன்று வண்டி நிறைய வாழைத்தார். வேறு யாராவது வேலைக்கு விடும் வண்டியில் லோடோடு வருவார்களா? இவர் வருவார். சுமை இருக்கும்போது பார்த்தால்தான் ஸ்பிரிங்கின் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. வேலை முடிந்ததும் அப்படியே மலை ஏறிவிடலாம் என்ற கணக்கும் உண்டு.

ராஜபாண்டி முன்பக்க ஸ்பிரிங்கில் சில பட்டைகளைக் கழற்றி வண்டியை இறக்கினான். இறக்கினால் மிச்சப் பட்டை தட்டையாகும். தட்டையானால் நீளும், ஆக்ஸிலைப் பின்னால் தள்ளிவிடும். அப்படித்தான் ஆயிற்று. மட்கார்டு வளைவுக்குள் சக்கரம் நடுவில் நிற்காமல் கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்றது. ஆக்ஸிலை முன்னால் கொண்டுபோய் வைத்துப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி.

"நடுவுக்கும் ஒரு விரக்கடை முன்ன வையிப்பா" என்றார் பாய். "இறக்கத்துல பிரேக்க மிதிச்சா மூக்கு குத்தும். அப்ப சக்கரம் தானா பின்னால வரும், உரசக் கூடாது. மேலயும் இடம் விடு."

ராஜபாண்டி தலையாட்டிவிட்டு சாக்பீஸால் அடையாளம் போட்டான். அந்த நேரத்தில் ரியாசுதீன் பைக்கில் வந்து இறங்கினான். குனிந்து பார்த்தான். முகம் சுருங்கியது.

"அண்ணே, கரெக்டா நடுவுல வைங்க. முன்ன தள்ளுனா போட்டோல கோணலா தெரியும். மேலயும் கேப் வேணாம், இன்னும் ஒரு பட்டைய எடுங்க."

"தம்பி, அப்படி வச்சா லோடோட ஒரு வளைவு திரும்பாது. டயரு கிழிஞ்சிரும்" என்றான் ராஜபாண்டி.

"லோடு எதுக்குண்ணே? என் காபிக்கடை வாசல்ல நிக்கப்போற வண்டி. வாரவுக போட்டோ எடுக்கத்தான்."

பாய் தாரில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

"ஏலே ரியாசு, இடுப்பு வலிக்காகன்னுல்ல சொன்ன?"

"வலிக்குதுல்ல அத்தா? அதான் வீட்ல இருங்கங்கிறேன். சொன்னா கேக்க மாட்டீக, அதான் சொல்லல."

"வேணாம் ராஜபாண்டி, பழையபடி மாட்டிரு" என்றார் பாய். ராஜபாண்டி ஸ்பேனரைப் பிடித்தபடி மகன் முகத்தைப் பார்த்தான். போன வருஷமே, இன்சூரன்ஸுக்கு வசதி என்று வண்டியின் ஆர்.சி.யைத் தன் பேருக்கு மாற்றியிருந்தான் பையன். பட்டறையில் வண்டிக்குச் சொந்தக்காரன் சொல்வதுதான் சட்டம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டா, அந்த மனுசன் உசிரே இதுலதான இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, இது எங்க வீட்டு விசயம்" என்றான், மரியாதையாகவே. அந்த மரியாதைக்கு ஒரு அறை விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

பாய் வண்டியின் பின்பக்கம் போனார். யாரையும் கூப்பிடாமல் தாரை ஒவ்வொன்றாகத் தானே இறக்கினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். குமுளிக்குக் கிளம்பிய வேறொருவன் வண்டியில் அத்தனையும் ஏற்றி அனுப்பினோம். கூடவே போய்விட்டு வாங்களேன் என்றேன். "அங்கன போயி என்னன்னு சொல்றது?" என்றார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. ராஜபாண்டி கைகாரன். சக்கரம் வளைவுக்குள் நட்ட நடுவில் நின்றது, மேலே ஒரு தீக்குச்சிகூட நுழையாது. ரியாசுதீன் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தான். பிறகு அவனுக்கே என்ன தோன்றியதோ, அப்பாவைக் கூப்பிட்டான்.

"அத்தா, நீங்களும் வாங்க. வண்டியோட நில்லுங்க."

பாய் போனார். வழக்கம்போல முன் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சட்டையில் வாழைக்கறை. கேமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூட முயன்றார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

"கொஞ்சம் தள்ளுங்கத்தா. சக்கரத்த மறைக்கிறீக."

தள்ளி நின்றார்.

"இன்னும் கொஞ்சம்."

பாய் நகர்ந்து நகர்ந்து பட்டறை வாசலைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டார். பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆங், இப்ப சரி" என்றான்.