வெள்ளவத்தை விடுதியில் பன்னிரண்டு இலக்கங்கள்

செவ்வாய்க்கிழமை, காலை 5.40. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொகுசு பஸ் என்னை வெள்ளவத்தையில், காலி வீதியோரம் இறக்கிவிட்டது. நானூறு கிலோமீற்றர், இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய், ஒன்பது மணித்தியாலம். சொகுசு என்பது பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்ததோடு சரி. முழங்காலை நீட்ட இடமில்லாமல் மடங்கியிருந்த ஆத்திரத்தோடுதான் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் பையை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் குறுகிய காலப் பயிற்சி வகுப்பு எடுப்பவன். வாடிக்கையாளரோடு எப்படிப் பேசுவது, கோபக்காரரை எப்படிச் சமாளிப்பது என்று வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மூன்று நாளில் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் கொடுப்போம். பதினொரு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த முறை கொட்டாஞ்சேனையில் வகுப்பு, தங்குவது வெள்ளவத்தையில். கொழும்பில் வேறு எங்கு மலிவான அறை கிடைத்தாலும் யாழ்ப்பாணத்தான் வெள்ளவத்தைக்குத்தானே வருவான்.

விடுதியின் கௌண்டர் மூன்றாம் மாடியில். மின்தூக்கி வேலை செய்யவில்லை. கௌண்டரில் மீனில்லாத ஒரு மீன்தொட்டி, பெரிய பதிவேடு, மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். ஐம்பது வயதிருக்கும். பெயர் தியாகு என்று சட்டைப்பையில் குத்தியிருந்தது. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டார். புதிய அட்டை, பன்னிரண்டு இலக்கம். சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதினார். திரும்ப வாசித்தார். மறுபடியும் கேட்டார். அட்டையை வாங்கி, விரலை வைத்து மூன்றாம் முறையும் சரிபார்த்தார்.

"எனக்கு வகுப்பு இருக்கு. கொஞ்சம் கெதியா..." என்றேன்.

"இருங்க சேர், இருங்க," என்றார், தலை நிமிராமலே. பன்னிரண்டு நிமிடம் ஆனது. நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

அறை எட்டு மணிக்குத்தான் காலியாகுமாம். என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். "நீங்க ஸ்டாஃப் பாத்ரூம்ல குளிச்சிக்கிங்க சேர். வகுப்புக்கு நேரமாயிரும்ல," என்று கதிரையில் கிடந்த தன்னுடைய துவாயையும் ஒரு வாளியையும் எடுத்துத் தந்தார். குளித்து வந்தபோது மேசைக்கடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் இஞ்சி போட்ட ப்ளேன் டீ ஊற்றித் தந்தார். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. விடுதித் தேநீர் அல்ல, அவருடைய காலைச் சாப்பாட்டோடு வீட்டிலிருந்து வந்தது. நான் அதைக் குடித்தேன். நன்றி சொன்னேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

காலை 7.15. நூறாம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு எட்டு கிலோமீற்றர், எழுபது ரூபாய். காலிமுகத்திடலைக் கடக்கும்போது கடல் தெரிந்தது; நின்றபடி வந்ததால் ஒருவருடைய கைமடிப்புக்கு ஊடாகத்தான் பார்த்தேன். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் வண்டி தள்ளும் நெரிசலிலிருந்து வெளியே வந்து ஓட்டோ பிடித்தேன். கொட்டாஞ்சேனைக்கு மீற்றரில் இருநூற்று எண்பது. சாரதி மாளிகாவத்தைக்காரர்.

"என்ன கோர்ஸ் சேர்?"

"கடையில, கௌண்டரில வேலை செய்யிற ஆக்களுக்கு. ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு."

"அப்ப எங்களுக்கும் ஒண்டு நடத்துங்க. இந்த டிராபிக்ல சிரிச்சிக்கிட்டு ஓடுறது எப்பிடின்டு," என்றார். இருவரும் சிரித்தோம். அன்று நான் நல்ல மனநிலையில் இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலை 9.00. ஜம்பட்டா வீதிக்கு அருகே, ஒரு கடைக்கு மேல்மாடி. இருபத்திரண்டு பேர். புறக்கோட்டைப் புடவைக்கடைகளில் நிற்பவர்கள், மருந்தகங்களில் வேலை செய்பவர்கள், தனியார் கிளினிக்குகளின் ஊழியர்கள். மூன்றாவது வரிசையில் கரும்பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். பெயர் சந்திரகலா. ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. சான்றிதழ் கொண்டுவந்தால் அடுத்த மாதம் முதல் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் மேசையில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அறிமுகத்தின்போது சொன்னார். சொல்லும்போதே உட்கார்ந்துவிட்டவர்போல முகம் மலர்ந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பாடத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்கக்கூடாது. "இண்டைக்குக் காலமை எனக்கு நடந்தது" என்று தொடங்கவேண்டும். வகுப்பு உடனே விழித்துக்கொள்ளும். பயணம் செய்யும் பயிற்றுநர்கள் எல்லோரும் வழியில் ஒரு மோசமான சேவையைத் தேடிக்கொண்டே வருவோம். கிடைக்காவிட்டால் கவலைப்படுவோம். கிடைத்ததைப் பாடத்துக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வோம்.

திரையில் 'கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்' என்ற வாசகம். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினேன். குனிந்தேன். இல்லாத பதிவேட்டில் இல்லாத பேனாவால் எழுதினேன். "இருங்க சேர்ர்ர்... இருங்க." சபை சிரித்தது. சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறியது. வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, மீனில்லாத மீன்தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மலையகத் தமிழின் இழுப்பையும் சேர்த்துக்கொண்டேன். அந்த இழுப்பு அவருடையதுகூட இல்லை; யாழ்ப்பாணத்தில் நாங்கள் கேலிக்கென்று வைத்திருக்கும் இழுப்பு. அந்த வகுப்பில் பாதிப்பேரின் தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

துவாயையும் தேநீரையும் சொல்லவில்லை. மறந்து போகவில்லை. உதாரணம் அவை இல்லாமல் நன்றாக இருந்தது.

பிற்பகல் 1.30. சந்திரகலாவின் கதிரை காலியாக இருந்தது. காலைக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று என்று மூன்று நாளுக்கு ஆறு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் இல்லை. காலையில் இந்த விதியை நானே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வரவுப் பத்திரத்தில் அவருடைய கட்டத்தில் சிவப்புக் கோடு போட்டேன்.

நான்கு மணிக்கு வகுப்பு முடிந்ததும் நஸீர் என்ற புடவைக்கடைக்காரர் பின்தங்கி நின்றார். என் வயதுக்காரர்.

"சேர், கோவிக்காதீங்க. நீங்க காலையில நடிச்சுக் காட்டினீங்களே, அந்த லொட்ஜ் ஆளு... அது சந்திரகலாட ஹஸ்பன்ட்."

நான் வரவுப் பத்திரத்தைத் திரும்பத் திறந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன்.

"மீன்தொட்டி எண்டு சொன்னதோட அவங்களுக்கு வெளங்கிட்டு. லன்ச் நேரம் என்கிட்ட சொல்லி அழுதாங்க. நானும்தானே சேர் சிரிச்சேன்," என்றார்.

மாலை 5.50. திரும்பும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். மூன்று மாடி ஏறி வந்தால் தியாகு இன்னும் கௌண்டரில் இருந்தார்.

"வகுப்பு எப்பிடி சேர்? நம்ம வீட்டுலயும் ஒரு கோர்சுக்குப் போயிருக்காங்க, கொட்டாஞ்சேனையில. சந்திரகலான்னு பேரு. ஒருவேளை நீங்கதானோ?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. "ஓம், நான்தான். நல்லாச் செய்யிறா," என்றேன்.

அந்த மனிதருடைய முகத்தை நான் எப்படி எழுதுவேன்? கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "பத்தாவதோட நிப்பாட்டிட்டாங்க சேர். ஆனா கெட்டிக்காரி," என்றார். பிறகு காலையில் தாமதித்ததற்கு அவரே என்னிடம் வருத்தம் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. நம்பர் விசயத்துல மட்டும் எனக்குப் பயம். கொஞ்ச வருசத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் வந்து தங்குனாரு. அவசரப்பட்டு ஒரு நம்பரைப் பிழையா எழுதிட்டேன். பொலிஸ்ல செக்கிங் வந்து, நம்பர் பொருந்தலன்னு அந்த மனுசனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த நாள் பின்னேரந்தான் விட்டாங்க. என் கையால வந்தது சேர் அது. அதுக்கப்புறம் யாரு ஏசினாலும் மூணு தரம் பார்க்காம எழுதுறதில்ல."

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் என்னைப் போன்ற ஒருவனுக்காக. நான் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். வெட்கம் என்ற சொல்லை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் தெரிந்தது.

புதன்கிழமை, காலை 8.10. வகுப்புக்கு ஏறும் படியில் சந்திரகலா தனியாக நின்றார்.

"வராமத்தான் இருந்திருப்பேன் சேர். நீங்க என்னையப் பாராட்டுனீங்கன்னு அவரு சந்தோசத்துல சாப்பிடக்கூட இல்ல. அவருகிட்ட என்னான்னு சொல்லி வீட்டுல நிக்கிறது?"

"தங்கச்சி, நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நேற்றுப் பின்னேரக் கையெழுத்தையும் நான் போட்டுவிடுறன்."

"வேணாம் சேர். வராத நேரத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டுப் போயி அந்த மேசையில எப்பிடி உட்காருறது?" குரல் உயரவில்லை. "என்கிட்ட தனியா மன்னிப்புக் கேக்குறதும் வேணாம். சிரிச்சது இருபத்தொரு பேரு."

சரி என்றேன். ஆனால் அன்று வகுப்பில் சொல்லவில்லை. காலையில் பாடம் அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிற்பகலில் எல்லோரும் களைத்துவிட்டார்கள் என்றேன். அன்றைய பாடம் என்ன தெரியுமா? 'முறைப்பாடுகளை ஏற்றுக்கொள்வது.' பிழை நம்முடையது என்றால் உடனே, சாக்குச் சொல்லாமல் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று என் வாயாலேயே சொன்னேன். சந்திரகலா அதைக் கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் திரையில் அடுத்த படத்துக்குப் போனேன். மதியம் சந்திக் கடையில் நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய சோற்றுப் பார்சலைப் பாதியில் மூடிவைத்தேன்.

வியாழக்கிழமை, காலை 9.00. திரையைப் போடவில்லை. "முந்தநாள் ஒரு கதை சொன்னனான். அது அரைவாசிக் கதை. மற்ற அரைவாசியை வேணுமெண்டே வெட்டினனான்," என்று தொடங்கினேன். துவாய், வாளி, பிளாஸ்க், கருப்பட்டி. மூன்று முறை சரிபார்த்ததன் காரணம். அவரிடம் இல்லாத இழுப்பை எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் யாருடைய கணவர் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

"இந்த டீ கதைய முதல்லயே சொல்லியிருந்தா நாங்க சிரிச்சிருக்க மாட்டோமே சேர்," என்றார் நஸீர். அவருக்குக் கோபம். அது நியாயமானது.

சந்திரகலா எழும்பினார். "அது எங்க வீட்டுக்காரர்தான். அந்த டீக்கு இஞ்சி தட்டிப் போட்டது நான். நாலு மணிக்கு எழும்பி," என்றார். பிறகு உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். "சரி சேர். இப்ப பாடத்த எடுங்க."

மதிய இடைவேளையில், முதல் நாள் பிற்பகல் தவறவிட்ட பாடத்தை அவருக்குத் தனியாக நடத்தினேன். இருவரும் சாப்பிடவில்லை. வரவுப் பத்திரத்தில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'பயிற்றுநர் வகுப்பில் அவமதித்ததால் வெளியேறினார். பாடம் பின்னர் முழுமையாக நடத்தப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பயிற்சி நிலையத்தின் இணைப்பாளர் வசந்தி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இதை மேலிடத்துக்கு அனுப்பினால் உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டினம், தெரியுமோ?"

"தெரியும். அனுப்புங்கோ."

நான்கு மணிக்குச் சந்திரகலா சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி என்றார். என்னோடு சிரிக்கவில்லை. அப்படிச் சிரிக்காமல் விட்டதற்காக அவரை இன்னும் மதிக்கிறேன்.

மாலை 6.30. ஏழரைக்கு பஸ். பையோடு கௌண்டருக்கு வந்தேன். அன்று சந்திரகலா வேளைக்கே வீடு போய்த் தொலைபேசியில் எல்லாம் பேசியிருக்கவேண்டும்.

"வீட்டுல சொன்னாங்க சேர்," என்றார் தியாகு. "எல்லாம் சொன்னாங்க."

"அண்ணை..." என்றேன். மூன்று நாளில் முதல் தடவையாக அவரை உறவுமுறை சொல்லி அழைத்தேன்.

"அதை விடுங்க சேர். மேசை கிடைச்சிருச்சில்ல, அது போதும்." பதிவேட்டைத் திறந்தார். போகும்போதும் இலக்கத்தை ஒத்துப்பார்ப்பது அவர் வழக்கம். "நம்பரைச் சொல்லுங்க."

முதல் இலக்கத்தைச் சொன்னேன். அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, என் கண்ணைப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்தார். மறுபடி குனிந்தார். இரண்டாவது இலக்கம். மறுபடி நிமிர்ந்தார், கண்ணைப் பார்த்தார், சிரித்தார். நான்காவதில் விரல் இடம் தவறியது. முதலிலிருந்து தொடங்கினார்.

"கஸ்டமரோட கண்ணைப் பார்த்துப் பேசணுமாமே சேர். நேத்து ராத்திரி வீட்டுல கொப்பியக் காட்டிச் சொல்லிக் குடுத்தாங்க. இன்னும் பழக்கம் வரல," என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஐந்தாவதில் மறுபடியும் தவறியது. நெற்றியில் வேர்த்திருந்தது. நான்தான் அவருடைய கண்ணைப் பார்க்க முடியாமல் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, என்னைப் பார்க்க வேண்டாம்," என்றேன். "குனிஞ்சு பாருங்கோ. உங்கட பாட்டில, மூண்டு தரம் பாருங்கோ. நான் நிக்கிறன்."

அவர் குனிந்தார். பன்னிரண்டு இலக்கத்தையும் விரல் வைத்து மூன்று தரம் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடித்தான் போகவேண்டியிருந்தது.