உடைந்த உருண்டைகள்

வசந்தா கண்டெடுத்தது எரிமலைச் சாம்பல்தான். அது தெரிந்தே, அனல்மின் நிலையச் சாம்பல் என்று நான் சொன்னேன்.

கொல்கத்தாவில் ஒரு புவியியல் அலுவலகத்தின் மைக்ராஸ்கோப் பிரிவில் இருந்தேன். சந்தேகமான கல்லோ மண்ணோ வந்தால், டைரக்டர் என் மேஜைக்கு டீ கப்போடு வந்து நிற்பார். அதற்காகவே ஆபீஸ் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு வசந்தா வேலைக்குச் சேர்ந்தாள். கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் வங்காளத்தில் எதையாவது சொன்னால் செக்‌ஷனே சிரிக்கும். என் வங்காளத்தைக் கேட்டும் சிரிப்பார்கள், அது வேறு சிரிப்பு. டீ கப் மெல்ல அவள் மேஜைக்கு நகர்ந்தது.

முதல் ஃபீல்டிலேயே, ஆறு அரித்த கரையில் ஒரு வெள்ளை அடுக்கைப் பார்த்து சாம்பிள் எடுத்துவந்தாள். "வால்கனிக் ஆஷ் மாதிரி இருக்கு ராகவன்தா. நீங்க ஒரு தடவை பாருங்களேன்." அந்த ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில் என் பெயரோடு 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுவாள். அதே கரையில் நான் முன்பு கேம்ப் போட்டிருந்தேன். அந்த அடுக்கை வெள்ளைக் களிமண் என்று எழுதிவிட்டு வந்திருந்தேன்.

எரிமலைச் சாம்பல் எரிந்து மிஞ்சியதல்ல, கண்ணாடி. பாறைக்குழம்பில் இருக்கும் வாயு குமிழ்களாகப் பொங்கி வெடிக்கும்போது, குமிழ்ச் சுவர்கள் நொறுங்கி வளைந்த சில்லுகளாகும். கடல் தாண்டியும் பறக்கும். அனல்மின் நிலையச் சாம்பலும் கண்ணாடிதான், ஆனால் உருண்டை உருண்டையாக இருக்கும். அவள் ஸ்லைடில் இருந்தவை அத்தனையும் சில்லுகள். அவ்வளவு அழகான சில்லுகளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது.

மீட்டிங்கில் டைரக்டர் என் பக்கம் திரும்பினார். உருண்டைகள்தான், பக்கத்தில் தெர்மல் பிளான்ட் இருக்கிறது என்றேன்.

"எனக்குச் சில்லாத்தான் தெரிஞ்சுது," என்றாள் வசந்தா.

"உடைஞ்ச உருண்டைம்மா அது. போகப் போகப் பழகிடும்."

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சீக்கிரமே வரைபடப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போனாள். அதன்பின் மைக்ராஸ்கோப் பக்கம் வரவே இல்லை. டீ கப் என் மேஜைக்குத் திரும்பியது.

அந்த ஸ்லைடைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. இருவரும் ஓய்வுபெற்ற பிறகு, போன பூஜை விடுமுறை முடிந்ததும், அதை எடுத்துக்கொண்டு பாலிகஞ்சில் அவள் ஃபிளாட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகத்துக்கும் எழுதுவதாகச் சொன்னேன்.

"எழுதுங்க. அந்த அடுக்கை இன்னொருத்தர் பாத்துப்பாங்க," என்றாள். "உங்க கண்ணை நம்பி என் கண்ணை விட்டுட்டேனே ராகவன்தா, அதுக்கு யாருக்கு எழுதுவீங்க?"

அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. ஜாதவ்பூரில் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்டு, அவர் லேபுக்கு அவளை அழைத்துப்போனேன். முதலில் ஃபோகஸ் செய்யவே அவள் கை தடுமாறியது. பிறகு வெகுநேரம் தலை நிமிரவில்லை.

"ஓரத்துல பழுப்பா ஏடு மாதிரி ஒரு துணுக்கு இருக்கு. பயோடைட், எரிமலைக் குழம்புல விளையற மைக்கா. தெர்மல் பிளான்ட் சாம்பல்ல இது எங்கேருந்து வரும்? நீங்க பாக்கலையா?"

குனிந்து பார்த்தேன். இருந்தது. இத்தனை வருஷம் என்னிடமே இருந்த ஸ்லைடு. பொறாமை வயதானால் போய்விடும் என்று இளையவர்கள் நம்ப வேண்டாம். அன்று எரிந்த அதே இடத்தில் எனக்கு மறுபடியும் எரிந்தது.

"நான் பாக்கலம்மா. நீ சொல்றது சரி," என்றேன்.

அவள் என்னை நகரச் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.