ஒன்றரைப் பக்கத்தில் ஒரு ஆள்

வேலைக்குப் போடுகிற சீவி, அதாவது சுயவிபரம், எழுதிக் கொடுப்பது விசித்திரமான தொழில். வேலை இல்லாதவர்களை நம்பித்தான் இந்த வேலையே நடக்கிறது. இரவில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற எனக்கு, பகலில் ஹட்டன் டவுனில் போனும் போட்டோகொப்பியுமாக நடக்கும் ஒரு கொமியூனிகேஷன் கடை மூலையில் கம்ப்யூட்டர் ஒன்றும் ஸ்டூல் ஒன்றும் உண்டு. இங்கிலீஷும் டைப்பிங்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. தூக்கம் வராத மனுசனுக்குப் பொழுது நிறைய. 'உமது திறமைகள்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

பக்கத்து லயத்துச் சீவி

சுரேஷ் என்ற இளைஞன் போனில் ஒரு சீவியைக் காட்டினான். தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து லயத்தில் இருக்கும் கூட்டாளியுடையது; அதைக் கொடுத்துத்தான் கொழும்பில் சூப்பர் மார்க்கெட் வேலை கிடைத்ததாம். பேரை மட்டும் மாற்றி அப்படியே அடித்துத் தரவேண்டும். அதில் வொலிபோல் அணித் தலைவர் என்று இருந்தது. "நீ வொலிபோல் ஆடுவியா தம்பி?" என்றேன். "பார்ப்பேன்," என்றான்.

நேர்முகத்தில் கேட்டால் முழிக்க வேண்டி வரும் என்று சொல்லி, அவன் கதையை மெல்லப் பிடுங்கினேன். நான்கு வருசமாகக் கோயில் திருவிழாவுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் அவன் பொறுப்பு. ஒருநாள்கூடக் கரண்ட் கோளாறு வந்ததில்லை. அதை எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தான். முகம் வாடிவிட்டது. "இது அப்படியே நான் மாதிரியே இருக்குண்ணே, யாரு வேலை குடுப்பாங்க?"

அனுபவம்: இல்லை

விஜயாவுக்கு நாற்பது வயதிருக்கும். வட்டவளைப் பக்கத்துத் தோட்டம். டவுனுக்கு மேலே புதிதாகத் திறந்த ஹோட்டலில் துணி மடிக்கவும் அயர்ன் பண்ணவும் ஆள் கேட்டிருந்தார்கள். அவருக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மலையில் பாதி ஏறியதும் நின்றுவிடுகிறது. கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைநாள் பேர்தான் போடுவார்கள், கூலியும் பாதிதான். "சமதரையில நிக்கற வேலைன்னா போதுங்கண்ணே. இதுவும் இல்லன்னா வர்ற வருசம் நான் வீட்டோடதான்."

முன் அனுபவம் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து என்ன செய்தீர்கள் என்றேன். கொழுந்து எடுத்தாராம், இருபத்திரண்டு வருசம். நான் டைப் பண்ணத் தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்தார். "அதப் போடாதீங்கண்ணே, அது அனுபவம் இல்ல, நம்ம பொழப்பு."

சொந்தமில்லாத இரண்டு பேர்

இருபத்திரண்டு வருசத்தையும் போட்டேன். நாளுக்கு எத்தனை கிலோ எடுத்தார் என்பதையும் சேர்த்தேன். 'கடும் உழைப்பாளி' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கிலோவை யாரும் எழுதுவதில்லை.

அடுத்தது, நம்மைப் பற்றி நல்லபடி சொல்லக்கூடிய, உறவினர் அல்லாத இருவர். தோட்டத்தை நடத்தும் துரை பேரைப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். போடலாம், ஆனால் துரைக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும், கேட்காமலும் போடக்கூடாது. விஜயா வெகுநேரம் யோசித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவையும் பள்ளிக்கூட அதிபரையும் சொன்னார். இவ்வளவு நேரமா என்றேன். "எங்க லயத்துல சொந்தமில்லாதவங்கன்னா, பேச்சுவார்த்தை இல்லாதவங்கதாண்ணே."

நான்கு வரி விலாசம்

பிழை விட்டது நான். அடையாள அட்டையில் உள்ளபடி டிவிஷன், தோட்டம், தபால் கந்தோர், ஊர் என்று விலாசத்தை நான்கு வரியில் போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. வீட்டிலிருந்த ஒரே போனை மகன் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டான் என்றார். கடை நம்பரையாவது போட்டிருக்கலாம். அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

லயத்து வாசலுக்குத் தபால் வராது என்பது லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய், யாராவது நினைத்துக்கொண்டால் வெளியே வரும். ஹோட்டல் நேர்முகம் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. அதற்குக் கூப்பிட்ட கடிதம் வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை கையிலிருந்து கிடைத்தது. அன்றைய பேரை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, அதை என் மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "கடுதாசி எனக்கு வரலைங்கண்ணே, தோட்டத்துக்குத்தான் வந்திருக்கு."

கடை போன்

கடிதத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஹோட்டல் மனேஜர் சிங்களவர். என் சிங்களம் பஸ் டிக்கட் எடுக்கும் அளவுக்குத்தான் வரும். நான் திக்கித் திணறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விஜயா போனை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு ஐந்து நிமிடம் நிற்காத சிங்களம். நடுவில் ஒருதரம் சிரித்தார். அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. இன்னும் ஒரு ஆள் தேவையாம், திங்கட்கிழமை வந்து செய்து காட்டட்டுமாம். திங்கட்கிழமை போனவர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

மொழிகள் என்ற இடத்தில் தமிழ் மட்டும் போட்டிருந்தேன். தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம், சின்ன வயதிலிருந்தே மரக்கறி வாங்கப் போய்வந்த பழக்கமாம். போனை வைத்ததும், இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "சிங்களம் எழுத வாசிக்கத் தெரியுமான்னு கேட்டீங்க, தெரியாதுன்னேன். பேசத் தெரியுமான்னு நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

அன்று வேலைக்குக் கிளம்புமுன் என் சொந்தச் சீவியைத் திறந்து, என்னிடம் நானே கேட்காமல் விட்டது ஏதும் உண்டா என்று வரி வரியாகத் தேடினேன். மூன்று வருசமாகப் பல இடங்களுக்கு அனுப்பியும் யாரும் கூப்பிடவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை.