கடிக்காத செருப்பு

பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்தையும் சேர்த்துக் கூட்டினாலும் நான் முன்னூறைத் தொட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், வெறும் வயிற்றில், ஒரு வரி படிக்காமல் தொட்டுவிட்டேன். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் டாக்டர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை அது. வீட்டுக்காரியிடம் இந்த மார்க் விஷயத்தைத்தான் முதலில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுக்களைக்குப் போய் சீனி டப்பாவைத் தூக்கி, எனக்கு எட்டாத மாதிரி மேல் தட்டில் வைத்தாள். நான் அவளைவிட முக்கால் அடி உயரம் என்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு சுகர் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை எழுதினார். நடக்கச் சொன்னார். இது இன்று நேற்று வந்ததில்லை, பல வருசமாக உள்ளே இருந்திருக்கும் என்றார். கடைசியாக, "தெனமும் காலப் பாருங்க. அடிப்பாதம், விரல் இடுக்கு எல்லாம்" என்றார்.

"டாக்டர், நான் ஜங்ஷன்ல செருப்புக் கடை வச்சிருக்கேன். கல்யாணம் ஆனதுலருந்து காலத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஊரார் கால இல்ல. ஒங்க கால."

வெளியே வந்து இதையும் கடையில் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தேன். சீனிக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பி குடித்தேன். "கருப்பட்டிய என்ன உப்புலயா காய்ச்சுதாவ?" என்று வீட்டுக்காரி கேட்டாள். அதையும் கடையில் சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கடை அப்பா தொடங்கியது. அவருக்கும் சுகர்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதன் பிறகும் கட்டையை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். வலது காலுக்குச் செருப்பு தேய்ந்தால் ஒரு ஜோடியை எடுப்பார். வலதை மாட்டிக்கொண்டு இடதைப் பரணில் ஒரு சாக்கில் போடுவார். "யாருக்காவது ஆவும்லே" என்பார். அவர் போய்ச் சேர்ந்த பின்னும் அந்தச் சாக்கை நான் அவிழ்க்கவில்லை, எறியவும் இல்லை. எல்லாம் புதுச் செருப்பு. எல்லாம் இடது. அப்பாவுக்கும் எனக்கும் ஒரே அளவு.

மாத்திரை ஆரம்பித்த சமயம் கடைக்கு ஒரு புது மாடல் வந்திருந்தது. அகலமான வார், தடித்த அடி அட்டை, கம்பீரமான சரக்கு. ஆனால் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சுண்டுவிரலைக் கடிக்கிறதாம். நான் என் காலை நீட்டிக் காட்டுவேன். "நானும் இதத்தான் போட்டிருக்கேன். காலைலருந்து ராத்திரி வரைக்கும் நிக்கேன். கடிச்சா நான் போடுவனா?" அதற்குமேல் யாராலும் பேச முடியாது. கடைக்காரன் காலே சாட்சி.

மடங்காத ஆள் ஒருவர்தான். மேலப்பாளையத்து பாய், சவுதியில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவர், என் சிநேகிதர். செருப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"ஓய், இது செருப்பா, நாய்க்குட்டியா? இந்தக் கடி கடிக்கி."

"செருப்புல ஒண்ணுமில்ல வே. ஏசி ரூம்ல ஷூ போட்டுச் சொகுசு கண்ட காலு. அதான் ஒறைக்கி."

"ஒமக்கு ஒறைக்கலியா?"

"எங்கால் உழைச்ச காலு."

பாய் அந்த ஜோடியை மேசையிலேயே விட்டார். பிறகு பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு போனார். என் செருப்பில் இடது வாரின் உள்பக்கம் கறுப்பாக ஏதோ ஊறியிருந்ததை அன்று சாயங்காலம் கவனித்தேன். சாயம் போகிறது என்று கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பாயும் குறுக்குத்துறையில் ஆற்றுக்குக் குளிக்கப் போவோம். அந்த வாரம் மணிமுத்தாறு அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு என்றைக்குமில்லாமல் தெளிந்து ஓடியது. படியில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டோம். அங்கே காலை விட்ட உடனே சின்ன மீன்கள் வந்து கொத்தும். பாய்க்கு அது ஆகாது. நெளிவார், சிரிப்பார், காலை உதறுவார். நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாய் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"ஒமக்குக் கூசலியா?"

"பழகிப்போச்சு வே."

"கீழ பாரும்."

குனிந்து பார்த்தேன். வலது காலில் நாலைந்து மீன்கள்தான் இருந்தன. இடது காலில் ஒரு கூட்டமே மொய்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே இடத்தில், சுண்டுவிரல் பக்கமாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. கல்யாணப் பந்தியில் இலைக்கு முண்டுகிற மாதிரி. இடது காலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இன்னொருவர் கால் தண்ணீருக்குள் கிடப்பதை மேலே இருந்து பார்ப்பதுபோல இருந்தது.

"கால எடும் வே," என்றார் பாய். அவர் குரல் மாறியிருந்தது. "பைய எடும்."

எடுத்தேன். வாரின் விளிம்பு உரசுகிற இடத்தில் பிளந்து, ஓரம் வெளுத்து, உள்ளே கறுத்துப் போன ஒரு புண். எத்தனை நாளாக இருக்கிறதோ. வாரில் ஊறியிருந்தது சாயம் இல்லை.

"மீனுக்கு நல்ல விருந்து," என்றேன். பாய் தன் துண்டைக் கிழித்து என் காலைச் சுற்றினார். ஆட்டோவில் போகும்போது எனக்குப் பரண் சாக்கு நினைவு வந்தது. வலது கால் போனாலாவது அப்பா மிச்சம் வைத்தது எனக்கு உதவும். எனக்கும் இடதுதான் போகும் போலிருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னால் பாய் சிரிப்பாரா என்று பார்த்தேன். அவர் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கணக்கை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சுகர் டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழை ஒன்றால் பாதத்தில் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்க என்றார். நான் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எப்போ டாக்டர் ஆரம்பிப்பீய?"

"முடிச்சாச்சு," என்றார்.

சுண்டுவிரலை எடுத்தார்கள். மிச்சக் காலைப் பற்றிக் கேட்டதற்கு, சுகர் இறங்குவதைப் பொறுத்து, புண் ஆறுவதைப் பொறுத்து, இப்போது எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டு மாற்றும்போதும் வலிக்கவில்லை. வலித்தால் நன்றாயிருக்கும் என்று எந்த மடையனாவது ஆஸ்பத்திரியில் கும்பிட்டிருப்பானா தெரியாது. நான் கும்பிட்டேன்.

வீட்டுக்காரி பரண் சாக்கை எறியச் சொன்னாள். "அத அங்கன வச்சிக்கிட்டு எத எதிர்பாக்கீய?" என்று கேட்டாள். சாக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை, தரையில் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடி முன்னால் உட்காருவது. போட்ட செருப்பைப் பார்த்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்காக வைத்தது. அதில் என் அடிப்பாதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்க்கிறேன். விரல் போன இடம் இன்னும் முழுதாக மூடவில்லை.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தார். பீடி சுற்றுகிறவர் போல, நகமெல்லாம் இலைக் கறை. செருப்பு ஒன்றை எடுத்து, "இது கடிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

என் கால் தானாக முன்னால் நீளப் பார்த்தது. இழுத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது தாயி. நீங்களே போட்டு நடந்து பாருங்க."

அவர் கடையின் நீளத்துக்குப் போய்த் திரும்பினார். நாலாவது எட்டில் முகம் லேசாகச் சுளித்தது. "ஆமா, சுண்டுவெரல்ல கடிக்கி," என்று கழற்றி வைத்துவிட்டு, வேறு ஜோடியைத் தேட ஆரம்பித்தார்.

அந்த முகச் சுளிப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.