மரத்தடியில் விட்டது

பழைய சாமி படங்களைக் குப்பையில் போட எங்களில் யாருக்கும் கை வராது. ஏதாவது ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். மீதியை மழையும் கரையானும் பார்த்துக்கொள்ளும்.

அப்பா இறந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டை நாங்கள் காலி செய்தபோது, பலகையில் செய்த சாமி மேடையை அண்ணன்தான் ஆற்றோர அரசமரத்தடியில் வைத்தார். நான் தினமும் வேலைக்குப் போகும் வழி அது. முதல் மழைக்காலத்தில் பலகை ஊறிப் பிளந்தது. பிறகு கரையான் ஏறியது. முருகன் படம் வெளுத்து வெறும் காகிதமானது.

போன வாரம் மேடை மொத்தமாகச் சரிந்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதன் நடுவிலிருந்து அப்பா என்னைப் பார்த்தார். அண்ணன் வீட்டில் மாட்டியிருப்பதாக நான் நினைத்திருந்த அதே படம். லேமினேட் செய்தது, ஒரு கறைகூட இல்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"என் வீட்ல எங்கடா இடம் இருக்கு? சாமியோட சாமியா போகட்டும்னு உள்ள வச்சேன் லா," என்றார்.

படத்தைத் துடைத்து சுபாங் ஜெயாவில் என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். மனைவி வாசலிலேயே மறித்தாள். "மரத்தடியில விட்டத உள்ள கொண்டு வராதீங்க."

அண்ணனிடம் கத்தியவன், அப்படியே காருக்குத் திரும்பினேன். அப்பா இப்போது காரின் பின்னால், பூட்டில், ஸ்பேர் டயர் பக்கத்தில் இருக்கிறார்.

கருமாதிக்குப் படம் போட்ட கடையில், "பாஸ், எத்தன வருஷமானாலும் கெடாத மாதிரி போடுங்க," என்று கேட்டு வாங்கியவன் நான்தான்.